மூன்றாம் பெட்டி

வெள்ளவத்தை,
12 பெப்ரவரி 2024

அன்புள்ள மெல்ரோய் அண்ணனுக்கு,

போன் பண்ணினேன், நீங்கள் எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் உங்கள் படமும் மறைந்துவிட்டது. என்னைத் தடை செய்துவிட்டீர்கள் என்று சயந்தன் சொன்னான். ஐம்பது வயது தாண்டிய மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கோபித்துக்கொண்டால் நான் வேறென்ன செய்வது? அதனால்தான் கடிதம். உங்கள் பாட்டுப் பிளேயரோடு சேர்த்து இதையும் பாயிஸின் ரிப்பேர் கடையில் கொடுக்கிறேன். துறைமுகத்தில் வேலை முடிந்து புறக்கோட்டையால் வரும்போது எப்படியும் அங்கே எட்டிப் பார்ப்பீர்கள்.

நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மேனுகா சொல்கிறாள். மனைவி சொல்லைத் தட்டக்கூடாது, கேட்கிறேன். ஆனால் எதற்காகக் கேட்பது என்றுதான் விளங்கவில்லை. இந்தப் பந்தயத்தைத் தொடங்கியது நீங்கள். கம்பனி போட்டு அனுப்பிய மென்பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு நாங்களே ஏற்றுகிற இந்த இலவச மென்பொருளில், உங்கள் பழைய பிளேயர் பாடுவது போலக் கொழும்பில் எதுவும் பாடாது என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தீர்கள். ஒரே பாட்டு, ஒரே சத்த அளவு, ஒரே ஹெட்போன் என்றால் எந்தப் பிளேயரும் ஒன்றுதான், மிச்சமெல்லாம் மனப்பிரமை என்று நானும் சொல்லி வந்தேன். அதைத் தீர்க்கத்தானே சயந்தன் வீட்டு மேல்மாடியில் கூடினோம்? நான்கு பிளேயர், நான்கு சப்பாத்துப் பெட்டி, வெளியே வயர் மட்டும். சத்தத்தை மீட்டர் பிடித்துச் சமப்படுத்தினேன். கொஞ்சம் கூடச் சத்தமாக இருந்தால் காது அதையே நல்லது என்று நம்பிவிடும். அந்த ஏமாற்றுக்கு நான் இடம் வைக்கவில்லை.

மூன்றாம் பெட்டியைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டது நீங்கள். "இது யாருட குப்பை? சாக்குக்குள்ள இருந்து பாடுற மாதிரி" என்று சொன்னதும் நீங்கள். பெட்டியைத் திறந்தால் உங்களுடைய பிளேயர். சிரிக்காமல் என்ன செய்வது? எனக்கு நடந்திருந்தால் நீங்கள் மேசையில் அடித்துச் சிரித்திருப்பீர்கள்.

பேஸ்புக் குழுவில் அதை எழுதியபோது "சொந்தப் பிள்ளையையே அடையாளம் தெரியாத அப்பா" என்று தலைப்புப் போட்டது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. பெயரையும் போட்டிருக்க வேண்டாம். அந்த வரிக்கு மன்னிப்பு. சோதனை முடிவுக்கு இல்லை.

பிளேயர் நல்ல நிலையில் இருக்கிறது. நான்கிலும் மென்பொருளின் ஒரே பதிப்பு இருக்க வேண்டும் என்பதற்காகச் சோதனைக்கு முதல் மெமரி கார்டை முழுக்கத் துடைத்துப் புதுப் பதிப்பை ஏற்றினேன். பாட்டு ஒன்றும் குறையவில்லை. பற்றரி வீங்கத் தொடங்கியிருந்தது, பாயிஸைக் கொண்டு மாற்றுவித்தேன்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் வழமை போல வாருங்கள். மேனுகா இடியப்பம் அவிப்பாள்.

அன்புடன்,
ராகுலன்

&nbsp;

கொட்டாஞ்சேனை,
16 பெப்ரவரி 2024

திருவாளர் ராகுலன் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் பிளேயரும் கிடைத்தன. பற்றரிக்கு நன்றி. அதை யார் கேட்டது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னுடைய செற்றிங் எங்கே? நேற்று வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் பிளேயரைப் போட்டேன். பாட்டெல்லாம் இருக்கிறது. ஈக்குவலைசரில் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை எல்லாம் சைபர். இடது, வலது எல்லாம் நடுவில். வாடகைக்குக் கொடுத்த வீட்டைத் திருப்பி எடுத்தால் சுவர் முழுக்க வெள்ளையடித்து வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது. வெள்ளையடிக்கச் சொன்னேனா?

ஒருவருடைய சாமானைக் கையில் வாங்கினால் அதில் கைவைக்க முதல் கேட்க வேண்டும். வங்கிக் கணக்குகளில் மற்றவர்கள் விட்ட பிழையைத் தேடிப் பிடிக்கிற உத்தியோகத்தில் இருக்கிறவருக்கு இது தெரியாதா?

தாங்கள் சிரித்ததற்கு எனக்குக் கோபமில்லை. நான் யார்டில் கிரேன் ஓட்டுகிற ஆள். அங்கே விடிந்தால் பொழுதுபட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துத்தான் காலம் போகிறது. செற்றிங்கைத் திருப்பித் தாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஞாயிறு வரமாட்டேன்.

இப்படிக்கு,
மெல்ரோய்

பி.கு.: இடியப்பத்துக்கு மேனுகாவுக்கு நன்றி சொல்லும்படி கொன்ஸ்ரன்ஸ் சொன்னாள். அவளுக்குத் தங்களோடு கோபம் இல்லையாம். எனக்கு இருக்கிறது.

&nbsp;

வெள்ளவத்தை,
19 பெப்ரவரி 2024

மெல்ரோய் அண்ணனுக்கு,

"திருவாளர்" என்று தொடங்கியதை வாசித்ததும் மேனுகா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செற்றிங் இல்லை, அண்ணன். கார்டைத் துடைக்க முதல் பாட்டுகளை எல்லாம் என் கணினியில் பத்திரமாக எடுத்து வைத்தேன். செற்றிங் இருக்கிற கோப்பை எடுக்கவில்லை. அதை யாரும் எடுத்து வைப்பதில்லை. எல்லாவற்றையும் சைபருக்குக் கொண்டு வந்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இந்த உலகத்தில் எங்கே ஒப்பிட்டாலும் முதல் விதி அதுதான். ஒருவர் உறைப்பைக் கூட்டி வைத்துக்கொண்டு என் கறிதான் திறம் என்றால் அது போட்டியா?

சொன்னால் இன்னும் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். துடைக்க முதல் ஒரு நிமிடம் உங்கள் செற்றிங்கில் ஒரு பாட்டைக் கேட்டுப் பார்த்தேன். உயர்ந்த சத்தங்கள் எல்லாம் கூரையில் முட்டும் வரை ஏற்றியிருந்தது. கீழ்ச் சத்தங்களை வெட்டியிருந்தது. பாட்டு முழுக்க இடப்பக்கம் தள்ளிக் கிடந்தது. ஊசி மாதிரிக் குத்தியது. என்னால் காதில் வைத்திருக்க முடியவில்லை. உங்கள் பேரன், ரொஷேலின் மகன், பொத்தான்களை அமத்தி விளையாடியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே ஓர் உபகாரம் செய்கிறேன் என்று நினைத்துத்தான் அழித்தேன்.

அது நீங்களே போட்டதென்றால் அந்த எண்களை எழுதித் தாருங்கள். பத்தே பத்து எண்கள். அப்படியே போட்டுத் தருகிறேன், பழையபடி ஆகிவிடும். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளை ஏன் கெடுப்பான்?

ராகுலன்

&nbsp;

கொட்டாஞ்சேனை,
3 மார்ச் 2024

ராகுலன்,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். கொன்ஸ்ரன்ஸ் யாருக்குக் காதல் கடிதம் என்று கேட்கிறாள்.

எனக்குக் காது கேட்காது. இடது காது ஏறக்குறைய இல்லை. வலதில் பாதி இருக்கிறது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் குருவிச் சத்தம் போனது. பிறகு கேத்தல் விசில். பிறகு ஆட்கள் கதைக்கும்போது 'ச' எழுத்துப் போனது. வசனத்தின் மிச்சத்தை வைத்து ஊகித்துக்கொள்வேன். போனில் ஊகிக்க முடியாது, வாயைப் பார்க்க முடியாதே. அதனால்தான் உன்னுடைய போன் மட்டுமில்லை, யாருடைய போனையும் எடுப்பதில்லை. உன் வீட்டு சோபாவில் நான் ஏன் எப்போதும் யன்னல் பக்கமே இருக்கிறேன் என்று ஒரு நாளாவது கேட்டாயா? அங்கே இருந்தால்தான் நீ கதைப்பது என் வலது காதில் விழும். கொன்ஸ்ரன்ஸுக்குக்கூட முழுக்கத் தெரியாது. எல்லாப் புருசன்மாரையும் போல நானும் அவள் சொல்வதைக் காதில் போடுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த செற்றிங்கை ரொஷேலின் மகன் போடவில்லை. நான் போட்டது. பாட்டில் ஒரு சத்தம் காணாமல் போனால், அது திரும்ப வரும் வரை அந்த இடத்தைக் கொஞ்சம் ஏற்றுவேன். சில மாதம் கழித்து இன்னொன்று போகும். அதையும் ஏற்றுவேன். பத்து எண்களை எழுதித் தா என்கிறாய். நான் எண்களை ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் திருப்புவேன்.

எதை வைத்துத் திருப்பினேன் தெரியுமா? ரொஷேல் பாடியதை வைத்து. பங்கு மண்டபத்தில் நத்தார்க் கரோல் பாட்டுப் பழகும்போது இதே பிளேயரில் நான் பதிந்தது. பதிகிற வசதி இந்த மென்பொருளில்தான் இருக்கிறது என்று அப்போது துள்ளினேனே. நீ இரைச்சலெல்லாம் எடுத்துத் துப்பரவாக்கித் தந்தாய். அவளுக்கு அப்போது பதினாறு வயது. இப்போது வத்தளையில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறாள், பாடச் சொன்னால் சிரிக்கிறாள். அந்தப் பாட்டில் அவளுடைய 'ச' கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்கும் வரை ஏற்றுவேன். அவள் குரல் அவள் குரலாக வந்ததும் நிறுத்துவேன்.

இரண்டு கிழமையாக இருந்து பார்க்கிறேன். வருகுதில்லை. எங்கே கொண்டுபோய் நிறுத்துவதென்று தெரியவில்லை. அப்போதெல்லாம் அவள் குரல் உண்மையில் எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஞாபகம் வரும் வரை திருப்புவேன். இப்போது என் ஞாபகத்தில் இருப்பது, நீ அழித்த அந்த செற்றிங்கில் கேட்ட குரல் மட்டும்தான். அதற்கு முந்தியது இல்லை.

சொந்தப் பிள்ளையையே அடையாளம் தெரியாத அப்பா என்று எழுதினாய். பிழையாக எழுதவில்லை.

இதை யாருக்கும் சொல்லாதே. நான் மேலே இருந்துகொண்டு, கீழே நிற்கிறவன் றேடியோவில் சொல்வதைக் கேட்டுக் கொள்கலனை இறக்குகிற ஆள். தெரிந்தால் என்னையும் இறக்கிவிடுவார்கள்.

மெல்ரோய்

&nbsp;

வெள்ளவத்தை,
6 மார்ச் 2024

அண்ணா,

பாயிஸ் கடைக்கு வெளியே நின்றபடியே வாசித்தேன். உள்ளே போய் இருக்கச் சொன்னான். இருந்தேன். அவன் தேத்தண்ணி எடுப்பித்துத் தந்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான்.

முதலில் செய்ததை எழுதுகிறேன். குழுவில் போட்டதை எடுத்துவிட்டேன். எடுத்தாலும் வாசித்தவர்கள் வாசித்ததுதான். என் கணினியில் ஒரு மூலை விடாமல் தேடினேன். உங்கள் செற்றிங் கோப்பின் பிரதி எங்கேயும் இல்லை. கார்டில் இருந்து மீட்கலாமா என்று பாயிஸிடம் கேட்டேன். துடைத்துவிட்டுச் சும்மா விட்டிருந்தால் ஒருவேளை பார்க்கலாம், நான் அதன் மேலேயே பாட்டுகளைத் திருப்பி ஏற்றியிருக்கிறேன், இனி இல்லை என்றான். அந்த ஒரு நிமிடத்தில் நான் கேட்டதை ஞாபகப்படுத்தி எண்களை ஊகிக்கலாமா என்றும் இருந்து பார்த்தேன். குத்தியது என்பது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. எரிச்சலோடு கேட்டவனுக்கு வேறென்ன ஞாபகம் இருக்கும்?

பாட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்தேன் என்று பெருமையாக எழுதினேனே. பாட்டுகள் எங்கேயும் கிடைக்கும். கிடைக்காத ஒன்றைக் குப்பை என்று அழித்திருக்கிறேன். நினைக்க நினைக்க என் மேலேயே வெறுப்பு வருகிறது.

அரை டெசிபல் வித்தியாசம் எனக்குக் கேட்கும் என்று எத்தனை பேரோடு சண்டை போட்டிருப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் இருந்த உங்களுக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்குக் கேட்கவில்லை. மேனுகாவுக்குக் கேட்டிருக்கிறது. நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக. கடிதத்தோடு இருந்த என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே சொன்னாள். "அந்த மனுசனுக்குக் காது சரியாக் கேக்கிறேல்லை எண்டு தீபாவளிக்கே சொன்னனான். நீங்கள்தான், அவர் ஆறுதலா யோசிச்சுக் கதைக்கிறவர் எண்டு சொன்னனீங்கள்." அப்படித்தான் சொன்னேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒரு வழி இருக்கிறது. காதைச் சோதித்து ஒரு சாட் தருவார்கள். எந்தச் சத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அதில் இருக்கும். அதை வைத்து அந்தந்த இடத்தை ஏற்றலாம். சோதனைக்குப் போங்கள். நானும் வருகிறேன்.

கிரேனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் கீழே ஒருவர் நிற்கிறார், அண்ணா. அதை மட்டும் யோசியுங்கள். யாருக்கும் சொல்லமாட்டேன்.

ராகுலன்

&nbsp;

கொட்டாஞ்சேனை,
குருத்தோலை ஞாயிறு, 24 மார்ச் 2024

தம்பி ராகுலன்,

உனக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். கீழே ஒருவர் நிற்கிறார் என்று எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்று கோபம். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

உன் பேஸ்புக் எழுத்தை யார்டில் யாரோ வாசித்திருக்கிறான். "அப்பா, பிள்ளை எங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பெரிதாகப் பட்டது வேறொன்று. எல்லாம் சைபரில் உலகம் எனக்கு எப்படிக் கேட்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது. போகும்போதும் வரும்போதும் காதில் பிளேயர். அதில் எல்லாம் தெளிவாகக் கேட்கும். அதனால் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, சமாளிக்கலாம் என்று என்னையே நம்பவைத்து வந்திருக்கிறேன். அன்றைக்கு முதல் இரண்டு பெட்டியும் அப்படித்தான் கேட்டன, மற்றவர்களுடைய பிளேயர் மட்டம் என்று நினைத்தேன். மூன்றாம் பெட்டி என்னுடையது, அதில் எல்லாம் சைபர் என்று அறிந்தபோதுதான் உண்மையான அளவு தெரிந்தது. சாக்குக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. என் றேடியோவும் அந்தச் சாக்குக்குள்தான் இருக்கிறது. அதற்கு ஈக்குவலைசர் இல்லை.

இரண்டு கிழமைக்கு முதல் கொள்கலனை இறக்கும்போது கீழே றேமண்ட் நின்றான். எங்கள் ஒழுங்கைக்காரன், நீயும் பார்த்திருக்கிறாய், ரொஷேலின் கலியாணத்தில் பைலா ஆடி விழுந்தவன். றேடியோவில் "நவத்தன்ன, நவத்தன்ன" என்று நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறான். எனக்கு ஏதோ கரகரத்தது. இறக்கச் சொல்கிறான் என்று ஊகித்தேன். ஊகித்தே பழகிவிட்டதே. அவன் பின்னால் பாய்ந்து விழுந்ததைக் கண்ணால் கண்ட பிறகுதான் நிறுத்தினேன். அவன் நின்ற இடத்துக்கு மேலே பெட்டி தொங்கிக்கொண்டு நின்றது.

அவனுக்கு ஒன்றுமில்லை. முழங்கை உரசல். என்னைப் பார்த்துத் தூசணத்தால் ஏசினான். வாயைப் பார்த்தே விளங்கியது.

ஏணியால் இறங்கினேன். நேரே கந்தோருக்குப் போய் நானே சொன்னேன். சோதனைக்கு அனுப்பினார்கள். இப்போது வாசல் மேசையில் லொறிகளின் துண்டு பார்க்கிற வேலை. மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு றேமண்ட் வந்து பக்கத்தில் இருக்கிறான், அதுதான் தாங்க முடியவில்லை.

கொன்ஸ்ரன்ஸிடமும் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு, இவ்வளவு காலமும் தான் கத்தியதெல்லாம் வீணா என்று சண்டைக்கு வந்தாள்.

காதில் வைக்க மெஷின் தந்திருக்கிறார்கள். ஆட்கள் கதைப்பது பரவாயில்லை. பாட்டு என்றால் தகரம். மேல் சத்தங்களுக்குரிய நரம்பு ஏறக்குறையச் செத்துவிட்டதாம். பழைய செற்றிங்கில் மிச்சத்தைப் பழகிய மூளைதான் நிரப்பித் தந்ததாம். எவ்வளவு ஏற்றினாலும் இல்லாததை ஏற்ற முடியாதாம். நீ கேட்ட சாட்டும் பிளேயரும் பாயிஸிடம் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. நீ செய்து பார்.

றேமண்ட் செத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். கீழே ஒருவர் நிற்கிறார் என்று எழுதியவன் நீ, அதை நினைத்தால் உன்னோடு கோபிக்க முடியவில்லை. ரொஷேலின் குரலை நினைத்தால் கோபிக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டும் உண்மை. நீ இரண்டையும் வைத்துக்கொள்.

மெல்ரோய்

&nbsp;

வெள்ளவத்தை,
5 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணா,

இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

சாட்டைப் பார்த்து எண்களைப் போட்டிருக்கிறேன். கணக்கின்படி சரி. ஆனால் மேல்பகுதிக்கு நேரே அந்தக் கோடு விழுந்து கிடப்பதைப் பார்த்தேன். அங்கே எந்த எண்ணும் வேலை செய்யாது. அதனால் எனக்குத் தெரிந்த வேறொரு வேலையைச் செய்திருக்கிறேன். வேலை என்று சொல்லலாமா தெரியாது.

அந்தப் பதிவை நான் துப்பரவாக்கித் தந்தேன் என்று எழுதினீர்கள். துப்பரவாக்க முதல் இருந்த பிரதி என்னிடம் இருக்கிறது. நேற்று அதைக் கேட்டேன். துப்பரவாக்கினது எவ்வளவு பிழை என்று இப்போது தெரிகிறது. அதில் ஒரு தட்டுச் சத்தம் இருக்கிறது. நீங்கள் பிளேயரைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் முதுகில் விரலால் தாளம் போட்டிருக்கிறீர்கள். இரைச்சல் என்று நான் அதை வெட்டியிருந்தேன். அது கீழ்ச் சத்தம். உங்கள் சாட்டின்படி வலது காதுக்கு அது நன்றாகக் கேட்க வேண்டும். அந்தப் பிரதியை ஏற்றியிருக்கிறேன். பழையதும் அப்படியே இருக்கிறது, இந்த முறை ஒன்றையும் அழிக்கவில்லை.

அதைப் போட்டுவிட்டு இதை வாசியுங்கள். எனக்குக் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் மின்விசிறி. சுற்றுக்கு ஒரு தரம் கிறீச்சிடுகிறது. பிறிஜெற் அன்ரி இருமுகிறார். கீபோர்டில் யாரோ சுரம் கொடுக்கிறார்கள். இங்கே உங்கள் தட்டுத் தொடங்குகிறது. நாலாவது தட்டில் ரொஷேல் எடுக்கிறாள். கொஞ்சம் கீழே எடுத்துவிடுகிறாள். இரண்டாவது சொல்லில் அது அவளுக்கே விளங்கி மேலே ஏறுகிறாள். ஏறும்போது குரல் லேசாகச் சிரிக்கிறது. பிழை விட்டுப் பிடிபட்ட பிள்ளை சிரிக்கிற மாதிரி.

அவளுடைய 'ச' பற்றி எழுதினீர்கள். முன்பல்லில் இடைவெளி இருந்ததே, கலியாணத்துக்கு முதல் கட்டினீர்களே, அந்த இடைவெளியால் ஒரு சின்னக் காற்று வருகிறது. விசில் என்று சொல்ல முடியாது. சூடான தேத்தண்ணியை ஊதினால் வருகிற அளவுதான். 'ச' வருகிற இடத்திலெல்லாம் அது இருக்கிறது. பாட்டுப் போகப் போக அவளுக்குப் பயம் தெளிகிறது, அந்தக் காற்றும் குறைகிறது.

மூன்றாவது அடி நீளம். அதற்கு முன்னால் மூச்சை வேளைக்கே இழுத்துவிடுகிறாள். உங்கள் தட்டு அந்த இடத்தில் அவளுக்காகக் கொஞ்சம் பிந்துகிறது. நீங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடிக்கிறது. அவள் குழம்பவில்லை. கடைசிச் சொல்லை நீட்டிப் பிடிக்கிறாள். குரல் தடிப்பாகத் தொடங்கி மெல்லிசாகி, நூல் மாதிரியாகி, எங்கே முடிகிறதென்று எனக்கே தெரியவில்லை. விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. பிறகு நீங்கள் மிகக் கிட்டத்தில், "சரி மகள்" என்கிறீர்கள். அதையும் நான் வெட்டியிருந்தேன்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒலியைச் சொல்லில் எழுதுகிறவர்களை நான் எவ்வளவு நக்கலடித்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மென்மையாம், சூடாம், இனிமையாம், மீட்டரில் காட்டு பார்ப்போம் என்பேன். இதில் எதையும் மீட்டரில் காட்ட முடியாது.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. வாசியுங்கள், அது போதும்.

உங்கள்,
ராகுலன்

&nbsp;

கொட்டாஞ்சேனை,
11 ஏப்ரல் 2024

தம்பி ராகுலன்,

உன் கடிதத்தைத் திறக்க முதல் ஒரு சோதனை செய்தேன். உன்னிடம் படித்ததுதானே. பிளேயரைக் கொன்ஸ்ரன்ஸின் கையில் கொடுத்து, நீ போட்ட எண்களோடு, பழைய துப்பரவான பிரதியை மற்றப் பாட்டுகளோடு கலந்து, எனக்குக் காட்டாமல் போடச் சொன்னேன். சப்பாத்துப் பெட்டி இல்லை. முந்தானையால் மூடிக்கொண்டாள். கொஞ்சம் போனதும் என்னைத் தட்டி, "இது யாரு பாடுறது?" என்று கேட்டாள். ஒரு பொம்பிளை, ஆரென்று தெரியவில்லை என்று சொன்னேன். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அப்போதுதான் பிளேயரில் பெயரைப் பார்த்தேன்.

இது உன்னுடைய சப்பாத்துப் பெட்டியைவிடப் பெரிய தோல்வி, தம்பி. யாரும் சிரிக்கவில்லை.

பிறகுதான் உன் கடிதத்தைத் திறந்தேன். நீ ஏற்றிய பிரதியைப் போட்டேன். விசிறி கேட்கவில்லை. பிறிஜெற் அன்ரியின் இருமல் கேட்டது, அந்த மனுசியின் இருமல் செத்தவனுக்கும் கேட்கும். பிறகு தட்டு. தெளிவாகக் கேட்டது. என் விரல் தானாகவே மேசையில் போட்டது. நாலாவதில் அவள் எடுப்பாள் என்று நீ எழுதியிருந்தாய். எடுத்தாள். கீழே எடுத்து மேலே ஏறினாள். அந்தத் தேத்தண்ணிக் காற்று வந்தது. மூன்றாவது அடியில் தட்டுப் பிந்தியது. ஓம், நான் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். அது இவ்வளவு காலமும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

கேட்டேனா, நீ எழுதியதை வாசித்ததால் கேட்கிற மாதிரி இருந்ததா? தெரிந்துகொண்டு கேட்டால் அது கேட்டதாகாது, தெரியாமல் கேட்டுச் சொன்னால்தான் கேட்டது என்பது உன் விதி. அந்த விதிப்படி நான் என் பிள்ளையின் குரலைக் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் மாட்டேன். நீ அழிக்காமல் விட்டிருந்தாலும் இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் இங்கேதான் வந்திருப்பேன் என்று டொக்டர் சொன்னார். அந்த ஒன்றிரண்டு வருடம் எனக்கு வேண்டியிருந்தது. அதை மட்டும் மறந்துவிடு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

வரும் ஞாயிறு வருடப்பிறப்புப் பலகாரம் மிச்சம் இருக்கும்தானே? பூசை முடிந்ததும் வருகிறேன். ரொஷேலையும் கூட்டிவருகிறேன், அவளுக்கு என் காதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை, உன் வீட்டில் வைத்துச் சொன்னால் கொன்ஸ்ரன்ஸும் மேனுகாவும் பிடித்துக்கொள்வார்கள். யன்னல் பக்கம் எனக்கு.

அந்தப் பிளேயரில் இன்னும் நிறையப் பாட்டு இருக்கிறது. ஒவ்வொன்றாக எழுதித் தா. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது. கண்ணும் இப்போது அவ்வளவு சரியில்லை.

மெல்ரோய் அண்ணன்